வாய்மொழித் தேர்வு

அத்தியாயம் 11

குளியலறைக்குள்ளிருந்து ஜெர்மன் கேட்டது. வாளித் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே, "அது நல்ல யோசனை! அது மிக நல்ல யோசனை!" என்று அந்த மொழியில் கணவன் விடாமல் உருப்போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னம்மா, உள்ள யாரையாவது ஜெர்மன்காரனைக் குளிப்பாட்டுறானா?" என்று கூடத்துக் கட்டிலில் படுத்தபடி மாமனார் கேட்டார்.

அவள் சிரித்துக்கொண்டே அவருடைய தலையணையை நிமிர்த்தி வைத்தாள். சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. இன்றைக்கு வாய்மொழித் தேர்வு. அவளும் அவனும் ஜோடியாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்டுப் பேச வேண்டும்.

எழுத்துத் தேர்வில் அவன் மயிரிழையில் தப்பியதையும், அவள் வகுப்பிலேயே முதலாவதாக வந்ததையும் போன வாரமே பார்த்துவிட்டோம். அவனுக்குக் கிடைத்த மதிப்பெண்ணை உறவில் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார்கள். அவளுடைய மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் படிக்க வந்ததே அவனுக்காகத்தான். அவன் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். வேலையில் நல்ல சுத்தம். ஜெர்மனியில் ஒரு இயந்திரத் தொழிற்சாலை அவனைத் தேர்ந்தெடுத்து, மொழியில் இடைநிலைச் சான்றிதழ் வாங்கினால் வேலை உறுதி என்று சொல்லியிருந்தது. கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்தான். முதல் தடவை தோற்றான். கம்பெனி காத்திருப்பதாகச் சொன்னது. அப்போதுதான், "நீயும் சேந்துக்க. வீட்டுல பேசிப் பழக ஆள் வேணும். எப்படியும் நீயும் அங்கதான வரப்போற" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பித்தான் அவள் சேர்ந்தாள்.

அதற்கு முன்பு அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்தாள். மாமனார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் அந்த வேலையை விட்டாள். அவர் சற்றுத் தேறி வாக்கரைப் பிடித்து நிற்கத் தொடங்கியபோது, அவள் கையில் ஜெர்மன் புத்தகம் வந்தது. காய் நறுக்கும்போது வினைச்சொற்கள், துணி மடிக்கும்போது பெயர்ச்சொற்கள். அந்த மொழியில் கரண்டி ஆணாம், முள்கரண்டி பெண்ணாம், கத்தி இரண்டுமில்லையாம். மாமனார் இதைக் கேட்டு அரை நாள் சிரித்தார்.

அவன் தலையைத் துவட்டியபடி வெளியே வந்தான்.

"இங்க பாரு, நீ ரொம்பப் பேசிடாத. வகுப்புல பண்ற மாதிரி நீள நீளமா எடுத்து விடாத. எனக்கு வர்ற கேள்வியாக் கேளு."

"கேக்குறேங்க."

"'உனக்கு எந்த நாள் வசதி'ன்னு கேளு. அதுக்கு எனக்குப் பதில் தெரியும்."

"தலைப்பு வேற வந்தா?"

"வேற வந்தாலும் அதையே கேளு."

அவள் தயங்கி, "அங்க 'டூ' போட்டுத்தான் பேசணும்ங்க. மரியாதைக்கு 'ஸீ' போட்டா மார்க் போயிடும். புருஷன் பொண்டாட்டி அப்படிப் பேசிக்க மாட்டாங்களாம்" என்றாள்.

அவன் முகம் லேசாகச் சுளித்தது. 'டூ' என்றால் நீ. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனைத் தமிழில் நீ என்று சொன்னதில்லை. வகுப்பில் முதன்முதலாகச் சொன்ன அன்று அவன் காது மடல் சிவந்துபோனது.

"மரியாதைக்கு ஸீயா?" என்றார் மாமனார். "நம்ம பக்கம் யாரையாவது சீன்னு சொல்லிப் பாரு, செருப்பு பறக்கும்."

இந்த முறை அவன்கூடச் சிரித்தான்.

* * *

கல்லூரி நடைபாதையில் மாணவர்கள் சுவரோரம் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் இவர்களைவிடப் பதினைந்து வயது சின்னவர்கள். ஒருத்தி கண்ணை மூடி ஜெர்மன்காரர்கள் குப்பையை எந்தெந்தத் தொட்டியில் போடுவார்கள் என்று நிறம் நிறமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அவர்களுடைய ஆசிரியை. யார் வாயைத் திறந்தாலும் "வினைச்சொல் எங்கே? வினைச்சொல் எங்கே?" என்று கேட்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் வினை மேடம். ஒரு குறிப்பிட்ட வகை வாக்கியத்தில் ஜெர்மனிலும் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும் என்று சொல்லிக் கொடுத்த அன்று, "நமக்கு இது ரத்தத்துலயே இருக்கு. நாம எப்பவும் கடைசியிலதான உண்மையைச் சொல்லுவோம்" என்றவர் அவர்.

இன்னொருவர் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். நீலச் சட்டை போட்ட ஜெர்மன்காரர். நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைத்து நீட்டுவதுபோலப் பேசினார்.

முதலில் அறிமுகம். அவன் மனப்பாடம் செய்ததைத் தடங்கலில்லாமல் சொன்னான். பெயர், தொழில், ஜெர்மனியில் வேலை கிடைக்கப்போவது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தன் மனைவி என்பது. அவளும் சொன்னாள். வேண்டுமென்றே சுருக்கமாகச் சொன்னாள்.

அடுத்தது, நண்பருக்கு ஒரு விருந்து ஏற்பாடு செய்வது பற்றி இருவரும் பேச வேண்டும். அவனுக்கு அடித்தது யோகம். "உனக்கு எந்த நாள் வசதி?" என்று அவள் கேட்டாள். "சனிக்கிழமை" என்றான். "பாட்டு வைக்கலாமா?" என்றாள். "அது நல்ல யோசனை!" என்றான். வினை மேடம் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். அவன் தோள்கள் தளர்ந்தன.

மூன்றாவது பகுதிக்கு மனப்பாடம் கிடையாது. தேர்வாளர் மனம்போனபடி கேட்பார்.

"நீங்கள் எங்கள் நாட்டுக்கு வேலைக்கு வரப்போவதாகச் சொன்னீர்கள். மகிழ்ச்சி. உங்கள் மனைவியும் உடன் வருகிறாரா?"

அவள் அவனுக்கு உதவி செய்யத் தயாராக வாயைப் பாதி திறந்தாள். தேவைப்படவில்லை. அவனுக்குக் கேள்வி புரிந்துவிட்டது.

"நைன்" என்றான். இல்லை. "அவள் வரவில்லை. அவள் இங்கே இருக்கிறாள். என் அப்பா நடக்க முடியாது. அவள் உதவி செய்ய வேண்டும்."

சின்னச் சின்ன வாக்கியங்கள். இலக்கணத்தில் பெரிய பிழையில்லை. அவள்தான் கற்றுக்கொடுத்திருந்தாள்.

முதலில் அவளுக்கு அவன் பதற்றத்தில் உளறுகிறான் என்றுதான் தோன்றியது. தேர்வாளர் விடவில்லை.

"ஓ, கடினமான முடிவுதான். எப்போது அப்படி முடிவு செய்தீர்கள்?"

அவன் நெற்றியைச் சுருக்கிச் சொல்லைத் தேடினான். 'ஆரம்பத்திலிருந்தே' என்பதற்கு அவனிடம் ஜெர்மன் இல்லை. கிடைத்ததை எடுத்துப் போட்டான்.

"இம்மர்" என்றான். எப்போதும்.

தமிழாக இருந்தால் அவன் எவ்வளவோ சொல்லியிருப்பான். போகப்போகத் தெரியும் என்றிருப்பான். முதலில் நான், பின்னால் அவள் என்றிருப்பான். அவளுடைய விசாவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் சொன்ன "பார்க்கலாம்" இருந்திருக்கும். ஜெர்மனில் அவனுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. பொய் சொல்லும் அளவுக்கு அவன் படித்திருக்கவில்லை.

தேர்வாளர் அவள் பக்கம் திரும்பினார். "இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

வினை மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால்," என்று அவள் ஜெர்மனில் தொடங்கினாள், "இந்த வகுப்பில் நான் சேர்ந்திருக்க மாட்டேன். என் வேலைக்குத் திரும்பிப் போயிருப்பேன்."

நடக்காமல் போனவற்றைச் சொல்லும் வாக்கிய அமைப்பு அது. அந்தப் பாடத்தில்தான் வகுப்பில் பாதிப் பேர் கவிழ்வார்கள். வினைச்சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடைசியில் வந்து, தத்தம் இடத்தில் சரியாக உட்கார்ந்தன.

"அற்புதம்!" என்றார் தேர்வாளர். உண்மையாகவே மகிழ்ந்துபோய், முழு மதிப்பெண்ணைக் குறித்தார். "இப்போது உங்கள் கணவர் பதில் சொல்லட்டும்."

அவனுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. அவள் ஏதோ பெரிதாக எடுத்துவிட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. எரிச்சலோடு அவளைப் பார்த்தான். துணைக்கு வருபவர் எளிய சொற்களில் மறுபடி சொல்லலாம் என்பது விதி. அவள் சொன்னாள்.

"நான் மிகவும் வருத்தமாக இருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?"

அவன் முகம் தெளிந்தது.

"அது நல்ல யோசனை!" என்றான்.

தேர்வாளர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வினை மேடம் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் தேர்வாளர் மதிப்பெண் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவன் கரையேறவில்லை என்பது அந்த உதட்டிலேயே தெரிந்தது. "கடைசியாக ஒன்று. நீங்களே அவரிடம் ஏதாவது கேளுங்கள்" என்று அவளிடம் சொன்னார்.

அவள் சும்மா இருந்திருக்கலாம். கடினமாக ஒரு கேள்வி போதும், அவன் விழுந்துவிடுவான். விழுந்தால்? மறுபடி மாலை வகுப்பு. மறுபடி சாப்பாட்டு மேசையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, "உனக்கு எந்த நாள் வசதி" என்று அவள் கேட்க வேண்டும். அவன் தன்னை விட்டுப் போவதற்கு இன்னும் ஆறு மாதம் அவளே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தேறித் தொலையட்டும்.

"அங்கே போன பிறகு நீ எனக்குப் போன் செய்வாயா?" என்று கேட்டாள்.

இது அவனுக்குத் தெரியும். போன் செய்வது என்ற அந்த வினைச்சொல் இரண்டாக உடையும். வால் துண்டு வாக்கியத்தின் கடைசிக்குப் போகும். அந்த வாலை விட்டுவிடுவது அவன் வழக்கம். எத்தனையோ மாலைகள் அவள் அந்த ஒற்றை வாலுக்காக மாரடித்திருக்கிறாள்.

"ஆமாம். நான் உனக்கு ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்வேன்" என்றான். வாலை மறக்காமல் கடைசியில் வைத்தான்.

"பலே!" என்றார் தேர்வாளர்.

* * *

மதியத்துக்குள் முடிவு சொல்லிவிட்டார்கள். இருவரும் தேறியிருந்தார்கள். அவன் நடைபாதையிலேயே பட்டறைக்குப் போன் போட்டுக் கத்தினான். அந்த இடைவெளியில் வினை மேடம் அவளை ஓரமாக அழைத்தார்.

"நீ சொன்னது... தேர்வுக்காகச் சொன்னதுதானே?"

"இலக்கணம் சரியா மேடம்?"

"அதுல ஒரு குறையும் இல்ல."

"அது போதும் மேடம்."

அவர் அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு அடுத்த ஜோடியைக் கூப்பிடப் போய்விட்டார்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவள் கேட்டாள்.

"அந்த ஆள்கிட்ட சொன்னது நிஜமா?"

"எது?"

"நான் வரலைன்னு சொன்னீங்களே."

"அட, பரீட்சைக்கு என்னமோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"வாய்க்கு வந்ததைச் சொல்ற அளவுக்கு உங்களுக்கு ஜெர்மன் வராதுங்க. மனப்பாடம் பண்ணினதுலயும் அது இல்ல. நானே எழுதிக் குடுத்தது, எனக்குத் தெரியாதா?"

அவன் வண்டியை ஓரங்கட்டினான். ஒரு செருப்புக் கடை வாசல். உள்ளே யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாவை யார் பாத்துக்குவா? நீயே சொல்லு. ரெண்டு பேரும் கிளம்பிட்டா அவரை எங்க தள்ளுறது?"

"அதைத் தமிழ்ல என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானும் யோசிச்சிருப்பேனே."

"சொன்னா?" அவன் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான். "சொல்லியிருந்தா நீ உக்காந்து எனக்குச் சொல்லிக் குடுத்திருப்பியா?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக் கேட்ட பையனுக்கு விடை சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னான். அதுதான் அவளை நொறுக்கியது. கோபத்தில் வந்த சொல் என்றால் பிறகு திருப்பி எடுத்துக்கொள்ளலாம். இது யோசித்து வைத்திருந்த சொல்.

வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டு, "பட்டறையில எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. கேக் வாங்கிட்டு வரேன்" என்று போய்விட்டான். அவசரத்தில் கைப்பேசியை அவள் பையிலேயே விட்டுவிட்டான்.

* * *

"தேறிட்டானா?" என்று கேட்டார் மாமனார்.

"தேறிட்டார், மாமா."

"நீ?"

அந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கட்டிலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும், இல்ல?"

அவர் போர்வை நுனியைத் திருகினார்.

"தெரியும்மா."

"எப்பலேருந்து?"

"நீ வகுப்புல சேர்றதுக்கு முன்னாடியே சொன்னான்."

"ஏன் மாமா என்கிட்ட சொல்லல? நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்?"

"குறையே வைக்கலியேம்மா. அதனாலதான் சொல்லல. சொன்னா நீயும் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவ. அப்புறம் என்னைத் தூக்கி உக்கார வைக்க யாரு இருக்கா? நான் சுயநலக்காரன்தான். இந்த இடுப்பு உடைஞ்சதுலேருந்து எனக்கு ரோஷம், நியாயம் எல்லாம் போயிடுச்சு."

மகனுடைய பதிலைவிட இது நேர்மையாக இருந்தது. அதனாலேயே கூடுதலாக வலித்தது. அவரிடம் கோபப்படக்கூட இடமில்லை. இரண்டு பேருக்கும் அவள் தேவைப்பட்டாள். ஒருவனுக்கு வாயாக; இன்னொருவருக்குக் காலாக.

பையில் கைப்பேசி அடித்தது. வெளிநாட்டு எண். எடுத்தாள்.

தொழிற்சாலையின் பணியாளர் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினாள். முடிவு என்னவென்று கேட்கக் கூப்பிட்டாளாம். தான் அவருடைய மனைவி, அவர் தேறிவிட்டார் என்று இவள் சொன்னதும் அந்தப் பெண் வாழ்த்துச் சொன்னாள்.

"குடியிருப்பைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கணவர் தனியாகத்தான் வருவதாகச் சொல்லி ஒற்றை அறை கேட்டிருந்தார். தரைத்தளத்தில் பெரிய வீடு ஒன்று காலியாகிறது. இரண்டு பேருக்குத் தாராளமாக இருக்கும். ஒருவேளை நீங்களும் வருவதாக இருந்தால்..."

அவள் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். அவர் புரியாமல் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய வீடே வேண்டும்" என்றாள் ஜெர்மனில். "இரண்டு பேர்."

"நல்லது. உங்கள் கணவரும் நீங்களும்."

"இல்லை. என் கணவரும் அவருடைய தந்தையும். தரைத்தளம் என்பது நல்லதாயிற்று. தந்தை வாக்கர் வைத்துக்கொண்டுதான் நடப்பார்."

எதிர்முனை திகைத்தது. தந்தைக்கு விசா அவ்வளவு எளிதல்ல என்றது. நிறைய விதிமுறைகள் இருக்கின்றன, இதை அவரிடமே விரிவாகப் பேச வேண்டும் என்றது.

"தாராளமாகப் பேசுங்கள். நாளைக் காலையில் கூப்பிடுங்கள். அவர்தான் வாய்மொழித் தேர்வில் தேறிவிட்டாரே."

பேசி முடித்ததும் அவள் எழுந்து போய்ச் சுவரோரம் நின்றாள்.

"என்னம்மா சொன்ன? நடுவுல வாக்கர்னு ஒண்ணு காதுல விழுந்துச்சு" என்றார் மாமனார்.

"உங்களுக்கும் சேர்த்து வீடு கேட்டிருக்கேன், மாமா."

அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. கேக் பெட்டியோடு அவன் உள்ளே வந்தான். முகமெல்லாம் பட்டறையின் கைதட்டல் ஒட்டியிருந்தது.

"போனை விட்டுட்டுப் போயிட்டேன். யாராவது கூப்பிட்டாங்களா?"

"கம்பெனியிலேருந்து. நாளைக்குக் காலையில திரும்பக் கூப்பிடுவாங்க. வீட்டு விஷயம் நீங்க விளக்கிச் சொல்லணுமாம்."

"விளக்கணுமா? என்னத்தை விளக்க?" அவன் சிரிப்பு குறைந்தது. "சரி, நீ பக்கத்துல இருப்பல்ல, பாத்துக்கலாம்."

"நாளைக்குக் காலையில நான் இங்க இருக்க மாட்டேன்."

"எங்க போற?"

பதில் அவளிடமே முழுதாக இருந்ததா என்று நமக்கும் தெரியாது.

"டேய்," என்று கட்டிலிலிருந்து மாமனார் கூப்பிட்டார். "என்னைக் கொஞ்சம் தூக்கி உக்கார வை."

வழக்கம்போல அவன் அவளைப் பார்த்தான். அவள் சுவரோரம் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அவன் கேக் பெட்டியை வைக்க இடம் தேடி, கடைசியில் தரையில் வைத்தான். கட்டில் அருகே போய் அப்பாவின் மேல் குனிந்தான். கைகளை எங்கே கொடுப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் நிறுத்தினான்.

"எந்தப் பக்கம் பிடிக்கணும்?"

அவள் வாயைத் திறக்கவில்லை என்று கண்டதும், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு மாமனாரே சொன்னார்.

"இடது பக்கம்டா."